வண்டி நிறுத்தக் கட்டணம்: எங்கள் வளாக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வளாகத்துக்குள் வண்டி நிறுத்தும் ஊழியர்களிடம் வரும் மாதம் முதல் காருக்கு மாதம் 600 ரூபாயும் இருசக்கர வாகனத்துக்கு 200 ரூபாயும் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் என்று தாங்கள் விடுத்த சுற்றறிக்கை எல்லாப் பிரிவுகளுக்கும் வந்து சேர்ந்தது. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்கும் உடன் வருவோருக்கும் இடம் போதவில்லை என்பது அதில் சொல்லப்பட்ட முதல் காரணம். ஊழியர்கள் பேருந்துக்கும் ரயிலுக்கும் மாற இது தூண்டுதலாக அமையும் என்பது இரண்டாவது காரணம். முதலாவதை மறுக்க ஒன்றுமில்லை. புறவழிச் சாலையின் ஓரத்தில் காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லாமல் நிற்பதை எல்லோரும் பார்க்கிறோம். இரண்டாவதைப் பற்றியே இந்த மடல். இப்போது வகுக்கப்பட்டிருக்கும் முறையில் இந்தக் கட்டணம் எவரையும் பேருந்தில் ஏற்றாது. முறையைச் சற்று மாற்றினால் சிலரையாவது ஏற்றும். இராமநாதபுரம் கடற்கரையில் எங்களைப் போலவே தொலைவிலிருந்து ஆட்கள் வந்து வேலை செய்யும் வேறு நிறுவனங்களும் நாளை இதே வழியில் இறங்கக்கூடும் என்பதால், தங்களுக்கு மட்டும் எழுத வேண்டியதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கட்டணமே கூடாது என்று சொல்வோரின் பக்கம் நான் இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். "வேலைக்கு வருவதற்கு நாமே காசு கட்டுவதா?" என்று உணவகத்தில் எழும் கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் இராமேசுவரம் சாலையிலுள்ள உச்சிப்புளிக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து வரும் ஆய்வகப் பணியாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வீட்டிலிருந்து முதன்மைச் சாலை வரை வண்டியில் வருகிறார். அங்கே ஸ்டாண்டில் டோக்கன் வாங்கி, காசு கொடுத்து வண்டியை விடுகிறார். பேருந்துக்கு டிக்கெட் எடுக்கிறார். நகரில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு மீண்டும் கொடுக்கிறார். வளாகத்தின் ஓர் அங்குல நிலத்தைக்கூடப் பயன்படுத்தாத அவர் தம் வண்டியை நிறுத்துவதற்கு நெடுங்காலமாகக் கட்டணம் செலுத்திவருகிறார். நகருக்குள்ளேயே குடியிருந்து, மூன்று கிலோமீட்டர் தொலைவைக் காரில் தனியாகக் கடந்து, வேப்பமர நிழலில் நிறுத்துகிறவருக்கு இதுவரை ஒரு பைசாச் செலவில்லை. வண்டி நிறுத்தும் இடம் இலவசம் என்று நாம் சொல்லிக்கொள்வதன் பொருள், அதன் செலவை வண்டி கொண்டுவராதவரும் சேர்ந்து சுமக்கிறார் என்பதே. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் இதைத்தான் சொன்னது: நிறுத்தக் கட்டணம் அந்த நிலத்தின் உண்மையான மதிப்பைக் காட்ட வேண்டும், அதைக் கொண்டு பொதுப் போக்குவரத்தை மக்கள் விரும்பும்படி ஆக்க வேண்டும். கொள்கையின் முதல் பாதியைத் தங்கள் சுற்றறிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறது. பின்பாதியைக் காணவில்லை.

நிலத்தின் கணக்கிலேயே தொடங்கலாம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் தேவை. உள்ளே வந்து திரும்பிப் போகும் வழியையும் சேர்த்தால் திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்பது நம் நாட்டுத் திட்டமிடல் விதிகளில் வழங்கும் கணக்கு. இருசக்கர வாகனம் நிற்க ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் போதும். ஆக, நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தாலே ஒரு காரின் இடத்தில் ஆறு வண்டிகள் நிற்கும். தாங்கள் விதித்திருப்பதோ மூன்று மடங்கு வேறுபாடு மட்டுமே. இருசக்கர வாகனத்தில் வரும் வார்டு உதவியாளர், காரில் வருகிறவரைவிட ஓரடி நிலத்துக்கு இருமடங்கு கொடுக்கிறார். அவர் சம்பளத்தையும் இவர் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையைத் தங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இனி, யார் எங்கிருந்து எப்படி வருகிறார்கள் என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கட்டணத்தையும் நிர்ணயிக்க முடியாது. சுற்றறிக்கைக்கு முன் இது எவரிடமும் கேட்கப்படவும் இல்லை.

எங்கள் வளாகத்துக்கு வருவோரின் ஊர்கள் மூன்று திசைகளில் கிடக்கின்றன. கிழக்கே மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் வரை நீளும் சாலை. இராமேசுவரத்திலிருந்து இங்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். தெற்கே திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரை, ஏர்வாடி. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, அதற்கும் அப்பால் தொண்டி. இந்த மூன்று சாலைகளின் ஓரத்தில் குடியிருப்பவருக்குப் பேருந்து உண்டு. சாலையை விட்டு விலகிக் கடலோரமாக உள்ள ஊர்க்காரருக்குப் பேருந்து என்பது ஒரு நாளில் சில நேரங்களில் மட்டும் நடக்கும் நிகழ்ச்சி. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நகரப் பேருந்து எட்டும் தொலைவில் இருக்கும் எங்கள் செவிலியர் பலர் அன்றிலிருந்து பேருந்திலேயே வருகிறார்கள். நகரப் பேருந்து எட்டாத ஊரில் இருப்பவர் புறநகர்ப் பேருந்துக்கு முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். அதிலும் மதுரைக்கு விரையும் வண்டிகள் சிறிய நிறுத்தங்களில் நிற்பதில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரத்திலிருந்து திரும்பும் கூட்டம் ஏறிய பேருந்தில் உச்சிப்புளியில் நிற்பவருக்குக் கால் வைக்கப் படிக்கட்டும் கிடைக்காது. அன்றைக்கு வண்டியை எடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் சுற்றறிக்கை அதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை இராமேசுவரம் தீவிலிருந்து தரைவழியாக வெளியே வர 1914-இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? தவணையில் வண்டி வாங்கினார்கள். அல்லது மூவராகச் சேர்ந்து ஒரு காரில் வரத் தொடங்கினார்கள். பாலம் திறந்த மறுநாளே அவர்கள் வண்டியை விற்றுவிட்டு ரயிலுக்குத் திரும்பிவிடவில்லை. தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, வீட்டில் நேரம் வண்டிக்கேற்ப அமைந்துவிட்டது, பிள்ளையைப் பள்ளியில் இறக்குவதும் அந்த வண்டியில்தான். பயணப் பழக்கம் ஒருமுறை மாறிவிட்டால், பழைய வழி மீண்டும் திறந்திருக்கிறது என்பதற்காக மட்டும் திரும்பி வராது. ரயில் நேரம் நம் ஷிப்ட் நேரத்தோடு பொருந்துகிறதா என்பது அடுத்த கேள்வி. காலை ஏழு மணிக்குப் பொறுப்பேற்க வேண்டியவரும் இரவு ஒன்பது மணிக்குப் பொறுப்பை ஒப்படைப்பவரும் கால அட்டவணையைப் பார்த்து வேலை செய்ய முடியாது.

இதில் 200 ரூபாய் என்ன செய்யும்? உச்சிப்புளியிலிருந்து ஒருவர் வண்டியில் வந்துபோக நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கே மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. அதைத் தாங்கிக்கொண்டு வண்டியில் வருகிறவர் 200 ரூபாய்க்காகப் பேருந்துக்கு மாறமாட்டார், திட்டிக்கொண்டே கட்டுவார். பேருந்து இருந்தும் காரில் வருகிறவர், அதாவது நகருக்குள் குடியிருக்கும் மருத்துவர்களும் அலுவலர்களும், 600 ரூபாயை ஒரு பொருட்டாகவே நினைக்கமாட்டார்கள். கட்டணம் உறைக்கும் இடத்தில் மாற்று வழி இல்லை. மாற்று வழி இருக்கும் இடத்தில் கட்டணம் உறைப்பதில்லை. சுற்றறிக்கையின் அடிப்படைக் கோளாறு இதுவே. இன்னொரு கூட்டம் உண்டு: உள்ளே நிறுத்தினால் காசு என்றதும் மதிற்சுவருக்கு வெளியே புறவழிச் சாலை ஓரத்தில் நிறுத்தப்போகிறவர்கள். நோயாளிகளின் வண்டிகள் சாலையில் நிற்கக் கூடாது என்று தொடங்கிய காரியம், ஊழியர் வண்டிகளைச் சாலைக்கு அனுப்புவதில் முடியும்.

மாதக் கணக்கில் பிடிப்பது அதைவிடப் பெரிய பிழை என்பது என் எண்ணம். முதல் தேதியிலேயே பணம் போய்விட்டதென்றால் அந்த மாதம் முழுவதும் வண்டியை எடுப்பதற்கே அது ஒரு காரணமாகிவிடும். எங்கள் பிரிவிலுள்ள அக்கா ஒருவர் சுற்றறிக்கையைப் படித்ததும் சொன்னார்: "மாசத்துக்கு மொத்தமாப் பிடிச்சிட்டாங்கன்னா, அப்புறம் பஸ்ஸுக்கு நான் எதுக்குத் தனியாக் காசு கொடுக்கணும்?" வாரத்தில் இரண்டு நாள் பேருந்தில் வந்துகொண்டிருந்தவர் அவர். இனி அந்த இரண்டு நாளும் வண்டியில் வருவார். ஊழியர்களைப் பேருந்துக்கு மாற்ற வந்த கட்டணம் பேருந்தில் வந்தவரை வண்டிக்கு மாற்றும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நாள் கணக்கு என்றால் நிலைமை வேறு. நம் கரையில் பயணத்தை முடிவுசெய்வதில் பருவத்துக்கும் பங்குண்டு. ஆடிக் காற்றில் பாம்பன் சாலைப் பாலத்தில் இருசக்கர வாகனம் ஓட்டுகிறவர் பக்கவாட்டில் தள்ளப்படுவதை அறிந்தவர்களுக்கு, அந்த மாதங்களில் பலர் பேருந்தையே விரும்புவார்கள் என்பதும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்து சீருடை மாற்றுவதைவிடப் பேருந்தில் நின்றுகொண்டு வருவது மேல். வண்டி கொண்டுவந்த நாளுக்கு மட்டும் கட்டணம் என்று இருந்தால், ஒவ்வொரு காலையும் இன்று எதில் போகலாம் என்ற கேள்வி உயிரோடு இருக்கும். மாதக் கட்டணம் அந்தக் கேள்வியை முதல் தேதியிலேயே முடித்துவிடுகிறது. வாயிலில் இருக்கும் வருகைப் பதிவுக் கருவியோடு வண்டி எண்ணையும் சேர்த்துப் பதிவது பெரிய வேலையாக இராது என்று பராமரிப்புப் பிரிவினரே சொல்கிறார்கள்.

வெளிநாடுகளில் இது புதிதல்ல என்பதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனால் அங்கே நடந்ததை முழுதாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம், 2000-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, 2012 முதல் பணியிட வாகன நிறுத்த வரியை வசூலிக்கிறது. அந்த வரி விதிக்கப்படுவது ஊழியர்மீது அல்ல, நிறுவனத்தின்மீது. 11 அல்லது அதற்கு மேற்பட்ட நிறுத்த இடங்களை ஊழியருக்கு வைத்திருக்கும் நிறுவனங்களே செலுத்துகின்றன. தொடக்கத்தில் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 288 பவுண்டு. தாமே ஏற்பதா, ஊழியரிடம் வாங்குவதா என்பது நிறுவனத்தின் விருப்பம். வசூலான பணம் போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பணத்தின் துணையோடு நகரின் டிராம் தடம் நீட்டிக்கப்பட்டு 2015-இல் புதிய வழித்தடங்கள் ஓடத் தொடங்கின. கட்டணம் கட்டிய நகரம் பதிலுக்கு என்ன கிடைத்தது என்று காட்ட ஒரு தண்டவாளத்தை வைத்திருக்கிறது. நம் சுற்றறிக்கையில் அந்தப் பணம் எங்கே போகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது கலிபோர்னியாவின் வழி. அங்கே 1992-இல் வந்த சட்டம், ஊழியருக்காக நிறுத்த இடத்தை வாடகைக்கு எடுத்து இலவசமாகக் கொடுக்கும் நிறுவனங்களில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ளவை, அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றது. டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் அத்தகைய எட்டு நிறுவனங்களை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, காரில் தனியாக வருவோர் நூற்றுக்கு 76-இலிருந்து 63 ஆகக் குறைந்தனர்; ஒரே காரில் சேர்ந்து வருவோர் 14-இலிருந்து 23 ஆக உயர்ந்தனர். இங்கே எவரிடமிருந்தும் ஒரு காசும் பிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி கொண்டுவருகிறவரைத் தண்டிக்காமல், கொண்டுவராதவருக்கு உரியதைக் கொடுத்ததே மாற்றத்தைக் கொண்டுவந்தது. மாறியவர்களில் பெரும்பான்மையோர் பேருந்துக்குக்கூடப் போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கே போனார்கள் என்பதும் நமக்குப் பாடமாகும். கீழக்கரையிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் தனித்தனிக் கார்களில் வருகிறவர்களை எனக்கே தெரியும். அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களும் அல்லர்.

இவற்றையெல்லாம் வைத்து நான் கேட்பது இதுதான். மாதக் கட்டணத்தைக் கைவிட்டு நாள் கட்டணமாக்குங்கள்; காருக்கு 30 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாய் என்றால் இடத்தின் அளவுக்கும் பொருந்தும். மாதம் 26 நாள் தனியாகக் காரில் வருகிறவர் 780 ரூபாய் கொடுப்பார். மூவர் ஒரே காரில் வந்தால் ஆளுக்குப் பத்து ரூபாய்தான். இருசக்கர வாகனத்தில் தினமும் வருகிறவருக்கு 130 ரூபாய். அதுவும் வேண்டாம் என்று தாங்கள் விலக்கு அளித்தால் நான் மறுக்கமாட்டேன். ஏனென்றால் அவர்களில் பெரும்பாலோரிடம் பயணத்தை மாற்றும் வாய்ப்பு இல்லை. இரவு ஒன்பது மணிக்கு முடியும் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் வருகிறவர்களுக்கு எந்த வாகனத்துக்கும் கட்டணம் கூடாது. அந்த நேரத்தில் பேருந்து நிலையத்தில் போய் நில்லுங்கள் என்று ஒரு செவிலியரிடம் சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது. மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கும் விலக்கு வேண்டும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

வசூலாகும் பணத்தைக் கொண்டு ஒரு வேன் ஓட வேண்டும். புதிய வழித்தடமெல்லாம் வேண்டாம். ஷிப்ட் மாறும் நேரங்களில் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் வளாகத்துக்கும் இடையே போய்வந்தால் போதும். பேருந்தில் வருகிறவருக்கு இன்று பேருந்துக் கட்டணத்தைவிட எரிச்சல் தருவது கடைசி மூன்று கிலோமீட்டருக்கான ஷேர் ஆட்டோதான். ஆட்டோ நிறையும்வரை புறப்படாது, நிறைந்தபின் இடமிருக்காது. இந்தக் கரையிலுள்ள இறால் கம்பெனிகள் பெண் தொழிலாளர்களை ஊருக்கு ஊர் வேன் அனுப்பி அழைத்துப்போவதை நாம் காலையும் மாலையும் சாலையில் பார்க்கிறோம். குறித்த நேரத்தில் ஆள் வந்து சேர வேண்டும் என்ற கணக்கில்தான் அவர்கள் அனுப்புகிறார்கள். அந்தக் கணக்கு ஒரு மருத்துவமனைக்கும் பொருந்தாதா?

பணத்தில் மிச்சம் இருந்தால் மாதத்தில் பெரும்பாலான நாள் வண்டி கொண்டுவராதவருக்கு ஒரு சிறு தொகையைக் கொடுக்கலாம். ஸ்டாண்டு டோக்கனுக்கு ஈடாக இருந்தாலும் போதும். வண்டிகள் நிற்கும் இடத்துக்குக் கூரை போடுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றும் வெயிலும் வண்டியைத் தின்னும் ஊரில், வெட்டவெளியில் நிறுத்தச் சொல்லிக் கட்டணம் கேட்டால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று ஊழியர் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கூரையா வேனா என்று தேர்வு வந்தால் முதலில் வேன். கூரை வண்டியில் வருவதை இன்னும் வசதியாக்கும். வேன் வண்டியை வீட்டில் விட்டுவர வழிசெய்யும்.

சம்பளப் பிடித்தம் பற்றி ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். நிறுவனம் தரும் வசதிக்கு ஊதியத்தில் பிடிப்பதென்றால் அந்த வசதியைத் தொழிலாளர் ஏற்றிருக்க வேண்டும் என்றும், அதன் மதிப்புக்கு மேல் பிடிக்கலாகாது என்றும் 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே வகுத்தது. கையெழுத்து வாங்காமல், வண்டி வைத்திருப்போர் பட்டியலைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பி எல்லோரிடமும் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதைக் கைவிட வேண்டுகிறேன். வண்டி வைத்திருப்பவர் எல்லோரும் வண்டியில் வருகிறவர்கள் அல்லர்.

சுற்றறிக்கை நடைமுறைக்கு வருமுன் ஒரு பக்கப் படிவம் ஒன்றை எல்லா ஷிப்டுகளிலும் கொடுத்து, ஊர், பணி தொடங்கும் நேரம், முடியும் நேரம், இப்போது எதில் வருகிறார், வேன் இருந்தால் எதில் வருவார் என்ற ஐந்தை மட்டும் கேளுங்கள்; தொகுத்துத் தர எங்கள் பிரிவில் நால்வர் முன்வந்திருக்கிறோம். கட்டணம் தொடங்கிய பின், வசூல் எவ்வளவு, வேனுக்குச் செலவு எவ்வளவு என்ற கணக்கை மாதந்தோறும் உணவகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வேன் ஓடத் தொடங்கும் நாளுக்கு முன்னதாகக் கட்டணம் தொடங்கக் கூடாது என்பதே இந்த மடலில் உள்ள கோரிக்கைகளில் நான் விட்டுக்கொடுக்க விரும்பாதது. மற்றவற்றைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். வரும் ஊழியர் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வளாகத்தில் பணிபுரியும்,
உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் ஊழியர்